கூரையைச் சுவரோடு கட்டிய கதை

அலஸ்தோட்டத்தில் அம்மாவின் சீதனக் காணியில் ஓர் ஓட்டு வீடு கட்டி முடித்திருக்கிறோம். மூன்று அறை, ஒரு ஹோல், குசினி, முன்னுக்கு விறாந்தை. தொடங்கும்போது ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். அத்திவாரம் எத்தனை அடி, சீமெந்துக் கல் எங்கே மலிவு, எந்த மேசன் நல்லவர் என்று எல்லாம் கதைத்தார்கள். கூரை சுவரில் எப்படி நிற்கப்போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. திருகோணமலையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அனுமதி எடுத்த விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், கட்டப்போகிறவர்களுக்கு உதவும்.

அனுமதிக்குத் தேவையானவை பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகுதியுள்ளவர் கையொப்பமிட்ட வீட்டு வரைபடம். இவற்றோடு பிரதேச சபையில் கட்டிட விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வந்து பார்ப்பார், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மலக்குழியும் கிணறும் இருக்கும் இடத்தைப் பார்ப்பார், பிறகு திட்டமிடல் குழுவுக்குப் போகும். எங்கள் பக்கம் மணல் நிலம், தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வந்துவிடும். அதனால் மலக்குழி விஷயத்தில் பிஎச்ஐ கண்டிப்பாக இருந்தார். அது சரிதான், அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே நாங்கள் குடிக்கப்போகிறோம்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு படி உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். எங்கள் காணி அதற்குள் விழுகிறது. ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரித்தபோது படிவம் தந்து விளக்கமும் சொன்னார்கள். இதைச் சபை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. இந்தக் கடிதம் வராமல் சபை பக்கத்தில் கோப்பு நகராது.

இனி கூரை. படவரைஞர் தந்த வரைபடத்தில் கூரையின் வெட்டுமுகத்தை எடுத்துப் பார்த்தேன். ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரம், சுவரின் உச்சியில் படுக்க வைக்கும் வோல் பிளேட் என்ற மரத்தில் உட்கார்ந்திருந்தது. வோல் பிளேட் சுவரில் உட்கார்ந்திருந்தது. எது எதோடு எதால் பிணைந்திருக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. கொழும்பில் கட்டினாலும் அதே படம்தான், இங்கே கட்டினாலும் அதே படம்தான். அந்த வரைபடத்துக்கு அனுமதியும் கிடைத்திருக்கும். சாதாரண மாடியில்லாத வீட்டுக்குச் சபை முக்கியமாகப் பார்ப்பது காணியில் எவ்வளவு மூடுகிறீர்கள், சுற்றிவர எவ்வளவு வெளி விடுகிறீர்கள், அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் போதுமா என்பவற்றைத்தான். ஆணியையும் போல்ட்டையும் நாங்கள்தான் கேட்க வேண்டும்.

சித்தப்பாவின் மகன் சிவில் பொறியியலாளர். அவனிடம் வரைபடத்தைக் காட்டினேன். "அக்கா, இது காற்று அடிக்காத ஊருக்கு வரைந்த கூரை" என்றான். பிறகு அவன் விளக்கியதைக் கேட்டபோதுதான் எங்கள் ஊரின் நிலைமையே எனக்கு விளங்கியது.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அழித்த பிறகு, பலத்த காற்றுக்கு ஏற்பக் கட்டிடங்களை வடிவமைப்பதற்காக 1980இல் அரசாங்கம் ஒரு கையேடு வெளியிட்டது. அதில் நாட்டைக் காற்றின் வேகப்படி மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கிழக்குக் கரை முதலாம் வலயம், மூன்றிலும் கடுமையானது. சாதாரண வீட்டுக்கு இங்கே எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 49 மீற்றர். அதாவது மணிக்கு 176 கிலோமீற்றர். மூன்றாம் வலயத்தில் இதுவே விநாடிக்கு 33 மீற்றர்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், அங்கேயுள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசையை இங்குள்ள கூரை தாங்க வேண்டும்.

இங்கே அப்படிக் காற்று வருமா என்று கேட்பவர்கள் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் பக்கத்தைக் கடந்துதான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை தொட்டது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில். அதன் வேகம் 1978இல் வந்ததோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. அதிலும் கூரை போன வீடுகள் இருந்தன.

தம்பி ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். விநாடிக்கு 49 மீற்றர் காற்று தரும் அழுத்தம் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ. கூரையின் மேலால் போகும் காற்று அதை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. நடுவில் இது குறையலாம், ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடும். எங்கள் கைமரங்கள் 2 அடிக்கு ஒன்று. சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்தையும் சேர்த்தால் ஒரு கைமரத்தின் சுவர்ப்பக்க முனை 16 சதுர அடிக் கூரையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். 16ஐ 14ஆல் பெருக்கினால் 224 கிலோ. ஓடும் மரமும் சதுர அடிக்கு 5 கிலோ என்று கழித்தாலும் 140 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு காற்று அந்த ஒரு மூட்டினை மேலே இழுக்கிறது. அதைப் பிடித்திருப்பது சரிவாக அடித்த இரண்டு ஆணி. "ஓடு பாரம்தானே, பறக்காது" என்று நம்பியிருந்த அம்மா, அந்தத் தாளைப் பார்த்த பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை.

ஆகவே வரைபடத்தை மாற்றினோம். முன்னுக்கும் பின்னுக்கும் முக்கோணச் சுவர் எழுப்பும் இரண்டு பக்கக் கூரையை விட்டு, நாலு பக்கமும் சரியும் கூரைக்குப் போனோம். முக்கோணச் சுவரில் காற்று நேராக மோதும். நாலு பக்கச் சரிவில் அந்த வேலை இல்லை. மரம் கொஞ்சம் கூடுதலாகப் போனது, ஓட்டில் வெட்டுக்கழிவும் கூடியது. சரிவை ஏறத்தாழ 30 பாகையில் வைத்தோம். படுத்த கூரைதான் கூடுதலாகத் தூக்கப்படும் என்று தம்பி சொன்னான். இறவாரம் 2 அடிக்கு மேல் வேண்டாம் என்றான். விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு தொடராமல் தனியாகக் கட்டினோம். விறாந்தை திறந்த இடம், கீழாலும் காற்று புகுந்து தூக்கும். அது பிய்ந்து போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

மற்றதெல்லாம் மூட்டுகள். சுவரின் உச்சியில் வீட்டைச் சுற்றிவர ஒரு கொங்கிறீற் பீம். அது மூலைத் தூண்களின் கம்பியோடு பிணைந்து அத்திவாரத்துப் பீம் வரை இறங்குகிறது. மேல் பீமில் கொங்கிறீற் போடும்போதே 4 அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீற்றர் போல்ட்டுகளை, அடியில் வளைத்து, கம்பிக்குள் கொளுவி நிறுத்தினோம். வோல் பிளேட்டில் துளை போட்டு அந்தப் போல்ட்டில் இறக்கி, அகலமான வாசர் வைத்து நட் முறுக்கினோம். ஒவ்வொரு கைமரத்தின் மேலாலும் ஜி.ஐ. பட்டி (நாகம் பூசிய இரும்புப் பட்டி) ஒன்றைச் சுற்றி, இரண்டு பக்கமும் வோல் பிளேட்டில் ஆணி அடித்தோம். ஓட்டிலிருந்து மண் வரை இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை இருந்து பயனில்லை.

கூரை மரவேலை செய்த ஓடாவி ஐயா இதற்கு இலகுவில் சம்மதிக்கவில்லை. ஐம்பது வருடத் தொழில், கை அவ்வளவு நேர்த்தி. "மகள், பாலை மரம். நான் அடிச்ச ஆணி கழண்டதா சரித்திரமே இல்ல" என்றார். அவருடைய வேலையில் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை, எனக்கு நிச்சயமாக இல்லை. அதனால் வாதாடாமல், ஒரு துண்டுக் கைமரத்தை ஒரு பலகையில் அவர் வழக்கமாக அடிப்பது போலவே அடிக்கச் சொன்னேன். பிறகு ஒரு கம்பியைக் கீழே கொடுத்து நெம்பச் சொன்னேன். மரம் ஒன்றும் ஆகவில்லை, ஆணி மட்டும் கிறீச்சென்று ஒரு அங்குலம் மேலே வந்தது. அதே துண்டில் பட்டியைச் சுற்றிப் பக்கவாட்டில் ஆணி அடித்து மறுபடி நெம்பினார். இந்த முறை அசையவில்லை. இழுவை ஆணியின் நீளத்தோடு வந்தால் ஆணி உருவும். குறுக்காக வந்தால் ஆணியே வெட்டுப்பட வேண்டும், அது லேசில் நடக்காது. ஐயா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, பட்டியக் கொண்டுவா" என்றார். அதற்குப் பிறகு ஒரு கைமரத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. மூலைக் கைமரங்களுக்கு இரண்டு பட்டி போட்டது அவருடைய யோசனை.

கொங்கிறீற்றில் எனக்கு இருந்த பயம் உப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் கடற்கரை மணல் சும்மா கிடக்கிறது, ஆற்று மணலுக்கு கியூப் கணக்கில் காசு போகிறது. ஆனாலும் கடல் மணலில் உள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும். பழைய வீடுகளில் கதவு, யன்னலுக்கு மேலுள்ள லின்டல்கள் அடியில் பிளந்து கம்பி தெரிவது இதனால்தான். பூச்சுக்கும்கூட ஆற்று மணலே வாங்கினோம். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் ஒன்றரை அங்குலம் விட, மேசன் அங்கேயே சின்னச் சீமெந்துக் கட்டிகள் வார்த்து அடியில் வைத்தார். கம்பி இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 375 முத்திரை உள்ளதா, சீமெந்துக் கல் எஸ்எல்எஸ் 855 தரத்துக்குச் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். கேட்கிறவருக்குக் கடைக்காரர் கொஞ்சம் பார்த்துத்தான் தருவார்.

ஓடு போடும்போது ஒரு சின்ன வேலை உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். கள்ளிக்கோட்டை ஓட்டின் அடியில் துளையுள்ள ஒரு காது இருக்கும். இறவாரத்து வரிசைகளிலும் மூலைச் சரிவின் இரு பக்கத்திலும் அந்தத் துளையால் செப்புக் கம்பி விட்டு, ஓடு தங்கும் குறுக்கு மரமான சிலாகையோடு கட்டினோம். காற்று முதலில் கிளப்புவது ஓரத்து ஓட்டைத்தான். ஒன்று போனால் அந்த வழியால் உள்ளே புகுந்து மற்றதையும் தள்ளும்.

சீலிங் அடிக்க முன்பே எல்லாப் பட்டியையும் போல்ட்டையும் படம் எடுத்து வைத்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கடைசியாக இணக்கச் சான்றிதழுக்குப் பார்க்க வந்தபோது சீலிங் மூடியிருந்தது. படங்களைக் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்தார், இரண்டொரு படத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். கூரையை மாற்றியபோது திருத்திய வரைபடத்தையும் சபையில் கொடுத்திருந்ததால், கட்டினதும் படமும் ஒத்துப்போயின. அதைக் கட்டாயம் செய்யுங்கள். அனுமதி ஒரு கூரைக்கும் வீடு வேறொரு கூரைக்கும் என்றால் அந்தச் சான்றிதழ் இழுபடும், வங்கிக் கடனும் அதோடு இழுபடும்.

சீலிங்கில் ஒரு ஆள் ஏறக்கூடிய அளவில் ஒரு மூடி விட்டிருக்கிறோம். கடற்காற்றில் ஜி.ஐ. பட்டியும் காலப்போக்கில் துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்பு, டோர்ச்சோடு ஏறி ஒவ்வொரு முனையாகப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூப்பு மட்டும் என்றால் துடைத்துப் பெயின்ற் பூசலாம். சிவப்புத் துரு கண்டால் அந்தப் பட்டியைக் கழற்றிப் புதிது அடிக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சப் பட்டியை மிச்சம் வாங்கி வைத்திருக்கிறேன்.