ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது

மார்ச் 10, 2025, திங்கள்

ஆபரேஷன் முடிந்து பத்தொன்பது நாள். மல்லாந்து படுத்தால் நேர் மேலே பட்டாசல் என்கிற கூடத்துக் கூரையில் ஈரக்கறை தெரிகிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊரையே கலக்கியதே, அந்த மழையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. இப்போது சுளகு அளவுக்கு வளர்ந்துவிட்டது. நடுவில் பழுப்பு, ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளை. படுத்துக்கொண்டே இதைப் பார்ப்பதற்கா லீவு போட்டேன் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் தைப்பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்துவிடுவோம். இந்த வருஷம் மார்கழி முழுக்க எனக்கு உதிரப்போக்கு. ஹீமோகுளோபின் 6.8. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே சோகை என்பார்கள். பொங்கல் வாரத்தில் பாளையங்கோட்டையில் எல்லா வீட்டிலும் கரும்பு இறங்கிக்கொண்டிருக்க, எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு யூனிட் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ரத்தம் ஏறியது, வீட்டுக்கு வெள்ளை ஏறவில்லை. பிப்ரவரி 19-இல் வயிற்றைத் திறந்து கட்டிகளோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சொன்னது: ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இருமினால், தும்மினால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். தினமும் மெல்ல நடக்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் மட்டப்பாவை, அதாவது மொட்டை மாடித் தளத்தை, சரி பண்ணிவிட வேண்டும் என்று இன்று இவரிடம் சொன்னேன். "நீ முதல்ல எந்திரிச்சு நட" என்றார்.

மார்ச் 12, புதன்

ஐந்து கிலோ என்றால் எவ்வளவு? இருபத்து நான்கு வருஷமாகத் தூக்குகிறேன், ஒன்றையும் நிறுத்துப் பார்த்ததில்லை. மகன் மஸ்கட்டிலிருந்து வந்தபோது பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்து இவரிடம் கொடுத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இவர் ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். நான் சொல்லச் சொல்ல, எப்படியும் வெள்ளையடிக்கப் போகிற சுவர்தானே என்று அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்.

அரிசியும் தண்ணீரும் போட்ட குக்கர் 4.1. அது தப்பித்தது. நனைந்த ஜமுக்காளம் 3.8. மாவோடு கிரைண்டர் பாத்திரம், கல்லும் சேர்த்து 9.2. எவர்சில்வர் குடம் நிறையத் தண்ணீர் 13.4. குளியலறை வாளி 16. கேஸ் சிலிண்டரைக் கொக்கியில் மாட்டவில்லை. அதில் எரிவாயு மட்டும் 14.2, இரும்பும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ என்று எழுதிக்கொண்டோம்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு இவர் தோளைப் பிசைந்தார். "தினம் எத்தனை குடம் எடுப்ப?"

நல்ல தண்ணீர் வருகிற நாளில் ஒன்பது. சொன்னேன். பதில் இல்லை. போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

கொத்தனார் அண்ணாச்சி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பழைய வீடுகளின் வேலை தெரிந்த ஆள். எங்கள் மாமனார் 1961-இல் கட்டிய வீடு இது. மட்டப்பா, இந்தக் காலத்துக் கான்கிரீட் இல்லை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்தது.

மேலே ஏறிப் பார்த்தவர் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து கேட்டார்: "தாயி, தட்டோட்டுக்கு மேல சிமெண்டைப் பூசுனது யாரு?"

நாங்கள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒழுகுகிறது என்று ஒரு காண்டிராக்டரைக் கூப்பிட்டு, ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசினோம். பளபளவென்று இருந்தது. இரண்டாம் வெயிலிலேயே வெடித்தது.

அண்ணாச்சி விளக்கம் சொன்னார். வெயிலில் கட்டையும் சுண்ணாம்பும் கொஞ்சம் விரியும், ராத்திரி சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு வளைந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கின தண்ணீர் மேலே ஆவியாகிப் போக சிமெண்ட் விடாது. கீழேதான் வர வேண்டும், அதாவது என் கட்டிலுக்கு நேராக. "மூச்சு விட முடியாமப் போட்டு மூடிட்டீக" என்றார்.

தீர்வு: சிமெண்டைக் கொத்தி எடுப்பது, தட்டோட்டு இணைப்புகளைக் கீறி அகலமாக்கிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடைப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது, கடைசியாக மேலே வெள்ளை. கலவைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் வேண்டும், நாலைந்து நாள் முன்னதாகவே ஊறப் போடச் சொன்னார்.

கடுக்காய் என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையால் எனக்கு மலச்சிக்கல். இரண்டு வாரமாகக் கடுக்காய்ப் பொடி சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான் சொன்னா கேக்க மாட்டா. கொத்தனார் சொன்னா மட்டப்பாவே கேக்குது."

மார்ச் 20, வியாழன்

மானவெளியில், அதாவது முற்றத்தில், பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கடுக்காய் ஊறுகிறது. இடித்துப் போட்டது இவர். நான் உட்கார்ந்து கருப்பட்டியை உடைத்துப் போட்டேன், தலா அரைக் கிலோ வீதம். இன்று மூன்றாம் நாள். நுரைத்துக்கொண்டு கள்ளுக்கடை வாசம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "உடம்புக்கு முடியாதவ வீட்டுல என்னமோ காய்ச்சுற மாதிரி இருக்கே" என்கிறாள்.

நடை: காலையில் முன்பக்கத் தார்சாவிலிருந்து புறவாசல் வரை பதினைந்து நடை. நெல்லை வீடுகள் நீளமானவை என்பதற்கு முதல் தடவையாக நன்றி. தெருவுக்கே போக வேண்டாம்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்று வேலை தொடங்கியது. நான் மாடிப்படி ஏறக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம். டாக்டர் போட்டது இல்லை. மேலே கொத்துகிற ஒவ்வொரு அடியும் கூரை வழியாக என் வயிற்றுத் தையலில் வந்து விழுகிற மாதிரி இருந்தது. வீடியோ காலில் காட்டுங்கள் என்றால் இவர் வானத்தைக் காட்டுகிறார், காக்காயைக் காட்டுகிறார், தன் கட்டைவிரலைக் காட்டுகிறார். நான் கீழேயிருந்து கத்துகிறேன். கத்தினாலும் வயிறு இழுக்கிறது.

பின்சுவர் உச்சியில் காறை பெயர்ந்திருக்கிறது, அதற்குச் சாரம் கட்டினார்கள். எங்கள் ஊரில் லுங்கிக்கும் சாரம் என்றுதான் பேர், சாரத்தை இடுப்பிலும் கட்டலாம், சுவரிலும் கட்டலாம். "இவர் சாரம் கட்டிக்கிட்டு நிக்காரு" என்று மகனிடம் போனில் சொன்னேன், எந்தச் சாரம் என்று கேட்டான்.

சாந்து சுமந்தது ஒரு சித்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். சும்மாடு வைத்து, சட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு பதினேழு படி. பத்து மணிக்குக் காப்பி கொடுத்தபோது, ஏதோ புத்தி வந்து, சட்டியைக் கொக்கித் தராசில் மாட்டிக் காட்டச் சொன்னேன். 17 கிலோ. அவளுக்கும் வேடிக்கையாக இருந்தது. "இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை நாள் ஓய்வு என்றாள். ஆறு வாரம் என்றேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "எனக்கு ரெண்டாவது புள்ளைக்குப் பொறவு குடும்பக் கட்டுப்பாடு பண்ணாங்க. பதினோராம் நாளு தாமிரபரணி மணலு சுமந்தேன்க்கா" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போய்விட்டாள்.

சுவரில் குடத்துக்குப் பக்கத்தில் "சாந்துச் சட்டி 17" என்று நானே எழுதினேன்.

மார்ச் 27, வியாழன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் மேலேயிருந்து தண்ணீர் கேட்டு அண்ணாச்சி குரல் கொடுத்தார். இவர் கடைக்குப் போயிருந்தார், கையாள் சாப்பாட்டுக்கு. அரை வாளிதானே, எட்டு கிலோதானே இருக்கும், படியடி வரைக்கும்தானே என்று தூக்கிவிட்டேன். சித்தாள் சொன்னது மனசில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அடிவயிற்றில் யாரோ உள்ளேயிருந்து நூலைச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன். சாயங்காலம் லேசாக ரத்தம் பட்டது.

ராத்திரி எட்டு மணி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அத்தைதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார் இவர். காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் அதிகமாகிறதா, நாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். இல்லை, இல்லை, இல்லை. அதிகமானால் உடனே வரச் சொன்னார்கள். இல்லையென்றால் மூன்று நாள் படுக்கை. "உள்ளே போட்ட தையல் வெளியே தெரியாதும்மா, தோல் காய்ஞ்சதை வெச்சுக் கணக்குப் போடாதீங்க" என்றார்கள்.

மார்ச் 31, திங்கள்

நின்றுவிட்டது. பின் தெரு பாய் வீட்டிலிருந்து ரம்ஜான் பிரியாணி வந்தது, இரண்டு தட்டு.

ஏப்ரல் 2, புதன்

ஆறு வாரம். ஹீமோகுளோபின் 10.4. தையல் நன்றாக இருக்கிறதாம். இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், ஆனால் குடத்துக்கு அவசரம் வேண்டாம் என்றார்கள். "வீட்ல வேலை நடக்குதாமே" என்று வேறு கேட்டார்கள். இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஏப்ரல் 5, சனி

பதினேழு படி ஏறினேன். பத்தாவது படியில் ஒரு தடவை உட்கார்ந்தேன்.

மட்டப்பாவை நாலு மாசம் கழித்துப் பார்க்கிறேன். தட்டோட்டு இணைப்புகளில் செங்கல் நிறத்தில் கோடு கோடாகப் புது அடைப்பு, கட்டம் போட்ட துண்டு மாதிரி. தண்ணீர் போகிற வாயை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டியிருந்தார் அண்ணாச்சி. இரண்டு நாள் நிற்க வேண்டும், கீழே ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. நேற்று முன்தினம் ராத்திரி நான் படுத்துக்கொண்டே டார்ச் அடித்து ஐந்து தடவை பார்த்தேன். கறை அப்படியே இருக்கிறது, ஆனால் கையால் தடவினால் (தடவியது ஸ்டூலில் ஏறிய இவர்) காய்ந்திருக்கிறது. இன்று காலையில் வாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் முழுக்க முருங்கைக்குப் போனது. அந்த மரத்துக் கீரையைத்தான் இரண்டு மாசமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

அடுக்களையில் இன்னொரு வேலையும் சேர்த்துவிட்டேன். இடுப்பு உயரத்தில் ஒரு கடப்பைக்கல் பலகை. கிரைண்டர் இனிமேல் தரையிலிருந்து மேடைக்கு ஏறி இறங்காது. அரிசி டிரம்மும் தண்ணீர்க் குடமும் அதற்குப் பக்கத்தில். குழாயிலிருந்து குடத்துக்கு ஹோஸ். ஒரு ஹோஸுக்கு முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஒன்பது குடம் சுமந்த இத்தனை வருஷத்தில் இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஆள் கிடையாது, வேலை கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் இன்றைக்குக் கொத்தனாரைத் தேடுகிறவன் பைத்தியக்காரன், எல்லாரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோவிலில் இருப்பார்கள். இவரும் அத்தையும் போய்விட்டார்கள். கரட்டுப் பாதையில் குலுங்க வேண்டாம் என்று என்னை விட்டுவிட்டார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் போகாத முதல் உத்திரம். வீட்டில் தனியாக உட்கார்ந்து மாமனார் காலத்துப் பித்தளைப் பிடிகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு பிடி அறுநூறு கிராம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை விசு, சித்திரை முதல் நாள். அதற்குள் உள்ளே ஒரு கையாவது அடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நேற்றே மானவெளியில் சுண்ணாம்பு நீற்றினார்கள். கல்லில் தண்ணீர் விட்டதும் கொதித்துக் குமுறியது, அத்தை என்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். துணியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசையும் உப்பும் ஒரு சிமிட்டா நீலமும் சேர்த்தார்கள்.

அடுக்களைச் சுவரில் எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வெள்ளையடிக்கிற பையன், "இது என்னக்கா, பாக்கிக் கணக்கா?" என்றான். அடித்துவிடு என்றேன்.

அடித்தான். ஈரச் சுண்ணாம்பு தண்ணீர் மாதிரிதான் இருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். குக்கர் 4.1, குடம் 13.4, சட்டி 17 எல்லாம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. "காய்ஞ்சா வெளுத்துரும்" என்றான்.

விடிந்ததும் முதலில் கண் விழித்துப் பார்க்கிற கனிக்கு இவர் தட்டு எடுத்து வைத்தார். மாம்பழம், வெள்ளரி, கொன்றைப்பூ, கண்ணாடி. தட்டோடு எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். கொக்கித் தராசைத் தேடப் போய்விட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

கனி கண்டுவிட்டு, விளக்கோடு அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் வெளுத்துவிட்டது. சட்டி மட்டும் லேசாகத் தெரிகிறது, கரியை அழுத்தி எழுதிவிட்டேன் போல. நாளைக்கு இரண்டாவது கை.