சூரியகாந்தி நாடாவும் என் வலது கன்னமும்

எனக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாவது மண்டை நரம்பில் வரும் வலி. அனேகமாக ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதால் வருகிறது. எனக்கு வலது பக்கம். பல் விளக்கும்போது வரும், முகம் துடைக்கும்போது வரும், பஸ் ஜன்னலால் அடிக்கிற காற்று கன்னத்தில் பட்டாலே வரும். வந்தால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சில விநாடிகளில் போய்விடும். சிலவேளை ஒன்றிரண்டு நிமிடம் நிற்கும். அந்த நேரத்தில் என்னால் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாது.

இந்த வருத்தம் இருக்கிற நிறையப் பேர் முதலில் பல் டொக்டரிடம்தான் போவார்கள். நல்ல பல்லைப் பிடுங்கிய கதைகளும் உண்டு. எனக்கு அந்த அளவுக்குப் போகாமல் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. கார்பமசெபின் தந்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துதான் இதற்கும். வலியைக் குறைக்கிறது, ஆனால் தலை சுற்றும், நித்திரை தூங்கும், நடை கொஞ்சம் தள்ளாடும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஏ.எல். (உயர்தரப்) பிள்ளைகளுக்குக் கணக்கியல் படிப்பிக்கிற, கொஞ்சம் மெதுவாக நடக்கிற ஒரு பொம்பிளை, அவ்வளவுதான்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி வெடித்த பிறகு இங்கே முகக்கவசம் சட்டமானது. போடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. எனக்கு அந்தச் சட்டத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. வீட்டில் அம்மா நீரிழிவோடு இருக்கிறார். நோய் பரவாமல் இருக்க எல்லோரும் மாஸ்க் போடவேண்டும் என்று பிள்ளைகளிடம் நானே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாஸ்க்கின் ரப்பர் நாடா காதுக்குப் போகிற வழியில் என் வலது கன்னத்தை உரசிப் போனது. அது ஒன்றுதான் எனக்குப் பிரச்சினை. தலைக்குப் பின்னால் கட்டுகிறதைப் போட்டுப் பார்த்தேன், துணி கன்னத்தில் பட்டது. கடைசியில் நெற்றியில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஷீல்ட் ஒன்றை வாங்கினேன். டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்துக் கடை வாசல்கள் ஞாபகம் இருக்கும். காலால் மிதித்துத் திறக்கிற குழாய், சவர்க்காரத் தண்ணீர், நெற்றிக்கு நேரே நீட்டுகிற வெப்பமானி, பெயரும் போன் நம்பரும் எழுதுகிற கொப்பி. ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் இதெல்லாம் முடிந்து நான் உள்ளே காலை வைக்க, செக்கியூரிட்டி ஐயா "மிஸ், மாஸ்க் எக்க?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதத்தின் தலைப்பில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயர் மட்டும்தான் அவருக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். பாவம், அவர் மரியாதையாகத்தான் நடந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முகத்து நரம்பு வலியை அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கையால் கன்னத்தைக் காட்டினேன், தொடாமல். பின்னால் கியூ நீண்டுகொண்டே போனது. இரண்டு ஆள் தள்ளி நின்ற ஒரு அம்மா தமிழிலேயே சொன்னார்: "எங்களுக்கு மட்டும் என்ன, மூச்சு முட்டாமலா நிக்கிறம்? எல்லாருக்கும் கஷ்டம்தான்." அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வலி வந்தது. பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நான் மௌனமாக நின்றதை அவர் தான் சொன்னது சரி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. அவருக்கு அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை உண்டாக்கினவர்கள் மேல்தான் என் கோபம். அவர்களில் ஒருவர் எங்கள் தொடர்மாடியிலேயே இருந்தார்.

மேல்மாடி அண்ணா நல்ல மனிசன். அம்மாவுக்கு இரவில் முடியாமல் போனால் முதலில் ஓடிவருகிறவர். ஒருநாள் படிக்கட்டில் நின்று, "டீச்சர், உங்களுக்கு மாஸ்க்குக்கு ஒரு கடிதம் இருக்காமே, அதை ஒரு போட்டோ எடுத்து வைபர்ல அனுப்புங்கோ" என்றார். எதற்கு என்று கேட்டேன். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் புகை படிகிறதாம், எரிச்சலாக இருக்கிறதாம். கடிதத்தில் பெயரை மாற்றி பிரின்ட் எடுத்துத் தர அவருக்கு ஆள் இருக்கிறதாம். "உங்களுக்கு இதால என்ன குறையப்போகுது?" என்று கேட்டார். அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

என்ன குறையும் என்று அன்றைக்கு அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. இப்போது சொல்கிறேன். அவரும் அந்தக் கடிதத்தைக் காட்டி உள்ளே போவார். இருமலும் தும்மலுமாக அரிசி இறாக்கைக்குப் பக்கத்தில் நிற்பார். நாளைக்கு அவர் பொய் பிடிபடும்போது, அடுத்ததாகக் கடிதத்தோடு வருகிற ஆள் நானாக இருப்பேன். பொய் சொன்னவர் ஒரு மாஸ்க்கைப் பொக்கெட்டில் இருந்து எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடலாம். எனக்கு அந்த வழி இல்லை.

லண்டனில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே என் அக்காவின் மகன் இருக்கிறான். எனக்குப் பெறாமகன், ஓட்டிசம் உள்ள பிள்ளை. வடிவாகக் கதைப்பான், வரைவான். ஆனால் சத்தமும் நெரிசலும் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே குந்திவிடுவான். அவன் கழுத்தில் ஒரு பச்சை நாடா போடுவான், மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள் போட்டது. 2016இல் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் தொடங்கின ஏற்பாடு அது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டால், இவருக்குக் கொஞ்சம் கூட நேரம் தேவைப்படலாம், கொஞ்சம் பொறுமையாகக் கதைக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கு விளங்கும். என்ன நோய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு கடைகள், ரயில் நிலையங்கள், ஆஸ்பத்திரிகள் என்று பரவியது. அவன் முதல்முறை அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனபோது, ஒரு ஊழியர் தானாக வந்து கியூவில் இருந்து ஓரமாக இருத்தினாராம். அக்கா அதைப் போனில் சொல்லும்போது அழுதாள்.

2020 யூன் 15 முதல் இங்கிலாந்தில் பஸ், ரயிலில் முகக்கவசம் கட்டாயமானது, யூலை 24 முதல் கடைகளிலும். உடல் நிலையாலோ மன நிலையாலோ போட முடியாதவர்களுக்கு விலக்கு இருந்தது. உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்கிறவரோடு கதைக்கிறவருக்கும் கூட விலக்கு இருந்தது. அத்தாட்சி காட்டத் தேவையில்லை என்று அரசே சொல்லியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மாஸ்க் போட விருப்பமில்லாத ஒரு கூட்டத்துக்கும் அது பிடித்துவிட்டது. சூரியகாந்தி நாடாவை இணையத்தில் வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். போலி நாடாக்களும் விற்பனைக்கு வந்தன. இந்த நாடா மாஸ்க் விலக்குக்கான அத்தாட்சி அல்ல என்று அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களே சொல்ல வேண்டி வந்தது. அமெரிக்காவில் அதே வருடம் நீதித் திணைக்களத்தின் முத்திரையைப் போட்டே போலி விலக்கு அட்டைகள் சுற்றின. அவை தங்களுடையவை அல்ல என்று திணைக்களம் எச்சரிக்கை விட்டது.

இதில் எனக்கு அதிகம் வலித்தது என்ன தெரியுமா? என் பெறாமகன் மாஸ்க் போட்டான். அக்கா பழைய பருத்தி பனியனில் தைத்துக் கொடுத்த மென்மையான மாஸ்க், அவனுக்கு அது பழகிவிட்டது. மூக்குக்கு மேல் வரை ஒழுங்காகப் போட்டிருந்த பிள்ளையைப் பார்த்து, பஸ்ஸில் ஒருவர் கழுத்து நாடாவைக் காட்டி, "நீயும் அந்தக் கூட்டமா?" என்று கேட்டிருக்கிறார். அவனுக்கு எந்தக் கூட்டம் என்று விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து நாடாவைக் கழற்றி லாச்சிக்குள் போட்டவன், நீண்ட காலம் அதைத் தொடவே இல்லை.

ஓரமாக இருத்தி வைக்கும்படி கேட்க ஒரு வழி அவனுக்கு இருந்தது. வேறு யாரோ அதைத் தங்களுக்கு ஒரு பாஸ் ஆக்கிக்கொண்டதால், அது அவன் கையை விட்டுப் போனது.

சரி, அப்படியென்றால் எல்லோரிடமும் அத்தாட்சி கேட்கலாம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். சில விஷயங்களுக்குக் கேட்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஊனமுற்றோர் வாகனத் தரிப்புக்கு நீல அட்டை கொடுக்கிறார்கள். 2019 ஓகஸ்ட் முதல் கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்கும் அது கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பம், பரிசோதனை எல்லாம் உண்டு. இடம் குறைவு, ஒருவர் பொய்யாக நிறுத்தினால் இன்னொருவருக்கு இடமில்லை. அங்கே சோதிப்பது நியாயம். ஆனால் கடை வாசலில் அரிசி வாங்க வந்த ஒருவர், பின்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் தன் நரம்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த செக்கியூரிட்டி ஐயாவுக்கும் அது நியாயமில்லை. அவரை டொக்டர் வேலையும் பார்க்கச் சொன்னது யார்?

மற்றவர்களின் பயமும் பொய்யில்லை. மாஸ்க் போடாமல் நான் உள்ளே போனால், அம்மாவைப் போன்ற ஒருவருக்கு என்னால் நோய் தொற்றலாம். கடிதம் அந்த வைரஸைத் தடுக்காது. எனக்கு விலக்கு கிடைத்துவிட்டது, என் பாடு முடிந்தது என்று நான் இருக்க முடியாது.

இதற்கு எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு சின்ன மருந்துக்கடைப் பையன்தான் நல்ல வழி செய்தான். நான் ஷீல்டோடு வாசல்படியில் நிற்பதைப் பார்த்தவுடன், "அன்ரி, அங்கேயே நில்லுங்கோ, துண்டைத் தாங்கோ" என்று வெளியே வந்து மருந்துத் துண்டை வாங்கிப் போனான். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு, மிச்சக் காசோடு படிக்குக் கொண்டுவந்து தந்தான். ஏன் மாஸ்க் இல்லை என்று கேட்கவே இல்லை. பிறகு இன்னும் சிலரும் அப்படி வெளியில் நின்று வாங்குவதைக் கண்டேன். மூச்சுக் கஷ்டம் உள்ள ஒரு ஐயா, கைக்குழந்தையோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. மேல்மாடி அண்ணா அந்தப் படியில் நின்று நான் காணவில்லை. வெளியே வெயிலில் நின்று வாங்குவதற்காக யார் பொய்க் கடிதம் தேடுவார்கள்? கேட்கிற உதவி உண்மையில் தேவைப்படுகிறவருக்கு மட்டும் பிரயோசனப்படுகிற மாதிரி இருந்தால், களவுக்கு அங்கே வேலை இல்லை. உதவி செய்வதற்குப் பதிலாக நாங்கள் ஒரு சட்டத்தில் இருந்து விடுதலை கொடுத்தோம். விடுதலை எல்லோருக்கும் ருசிக்கும்.

ஜப்பானில் 2012இல் டோக்கியோ அரசு ஹெல்ப் மார்க் என்று ஒன்றைத் தொடங்கியது. சிவப்புத் துண்டில் வெள்ளைக் கூட்டல் குறியும் ஒரு இதயமும். பையில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே மாற்று மூட்டு வைத்தவர், ஆரம்பக் கர்ப்பத்தில் இருக்கிறவர் போன்றவர்களுக்கு. லண்டன் ரயில்களில் 2017 முதல், தயவுசெய்து எனக்கு இருக்கை தாருங்கள் என்று கேட்கிற, சட்டையில் குத்துகிற ஒரு வில்லை இருக்கிறது, அதற்கும் டொக்டர் கடிதம் வேண்டாம். கேட்பது ஒரு இருக்கை, கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கிறார்.

இங்கே ஊனமுற்றவர்களின் உரிமைக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதே உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தையும் 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருப்பதாகக் கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் காலி வீதி 100ஆம் இலக்க பஸ்ஸில் என்னோடு தொங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். முன் இருக்கைகளில் மதகுருமாருக்கு என்றும் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்றும் எழுதியிருக்கும். மாத்திரை போட்ட காலையில் நான் கம்பியைப் பிடித்துத் தள்ளாடும்போது, கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கோ) என்று கத்துகிறார், பக்கத்தில் இருக்கிறவர் நான் ஏதும் குடித்திருக்கிறேனோ என்று மூக்கைச் சுளித்துப் பார்க்கிறார். அந்த இடத்தில் என் பையில் அப்படி ஒரு வில்லை தொங்கினால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

இந்த ஆடிவேல் திருவிழாவுக்கு அக்காவும் மகனும் கொழும்புக்கு வருகிறார்கள். அவனுக்கு வேல் ரதம் பார்க்க ஆசை, மேளச் சத்தத்துக்குப் பயம். "சித்தி, அங்கே நாடா போட்டால் யாருக்காவது விளங்குமா?" என்று போனில் கேட்டான். போட்டுக்கொண்டு வா, கூடவே சட்டைப் பையில் வைக்க ஒரு அட்டையும் செய்து தருகிறேன் என்றேன். சிங்களத்தில் எழுதித் தர என் மாணவி ஒருத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள், தமிழை நான் எழுதுகிறேன். அட்டையில் என்ன எழுதுவது என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் முடிவாகவில்லை. நோயின் பெயரை முதலில் போடவேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்கிறாள் அவள். "சத்தம் கூடினால் எனக்கு ஏலாது, ஓரமாக இருக்க ஒரு இடம் காட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால் போதும் என்று நான் நிற்கிறேன். நான் எழுதியதை நேற்று இரவு அவனுக்கு அனுப்பினேன். "காட்டுங்கள்" என்பதற்குப் பக்கத்தில் "நன்றி" என்றும் போடச் சொல்லியிருக்கிறான்.