வீட்டில் துண்டுகள் காணாமல் போன கதை

நான் பாடிப் பதிவு செய்த முதல் பாட்டைக் கேட்டுவிட்டு என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, குளியலறைக்குள்ள மைக்கைக் கொண்டு போனா ஷாக் அடிக்காதா?"

நான் குளியலறையில் பாடவில்லை. பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்துக் கொட்டக் கொட்டப் பாடியிருந்தேன். மைக் நல்ல மைக். கிடாருக்குப் புதுக் கம்பி. என் தொண்டையைப் பற்றி மட்டும் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் பதிவில் கேட்டது, கிணற்றில் விழுந்தவன் ராகம் போட்டு உதவி கேட்பது போலத்தான் இருந்தது.

"முட்டை அட்டை ஒட்டுடா, சரியாயிடும்" என்றான் நண்பன். இந்த யோசனையைச் சொல்லாத ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒட்டிப் பார்த்துப் பலன் கண்ட ஆளையும் பார்த்ததில்லை. அதை அப்போதே யோசித்திருக்கலாம்.

ஒரு மாதம் ஊரில் தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் அட்டை சேகரித்து, இருபக்க டேப்பால் ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. நடுவில் நின்று கையை ஒரு தட்டுத் தட்டினேன். 'ட்ர்ரிங்ங்' என்றது அறை. ஒட்டுவதற்கு முன்பும் அதையேதான் சொல்லியது.

அன்று நள்ளிரவு அட்டைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. முதலாவது விழுந்தபோது பல்லி என்று நினைத்தோம். ஐந்தாவதில் பூனை. பத்தாவதில் திருடனேதான் என்று முடிவாகி, அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்து, "இந்தக் குப்பைக்கா என்னை எழுப்பினே?" என்றவரிடம், "இது ஒலியை அடக்கும்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு அட்டை 'பொத்'தென்று விழுந்தது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மனித இயல்பு, முதலில் ஒட்டிவிட்டுத்தான் படிப்போம். அறைக்குள் ஒலி அடங்க வேண்டுமென்றால் காற்றின் அசைவு எதிலாவது உரசித் தேய்ந்து, துளியூண்டு வெப்பமாக மாற வேண்டும். அதற்குப் பஞ்சு போல இழையோடிய, தடிமனான பொருள் வேண்டும். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும், அவ்வளவுதான். சுவரை ஒட்டினாற்போல் எதை வைத்தாலும் இன்னொரு சிக்கல். சுவரை மோதும் இடத்தில் காற்று அசையவே முடியாது. அது அதிகமாக அசைவது அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான். 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 1000 தடவை அதிரும் ஒலிக்கு, அது எட்டரை சென்டிமீட்டர் சொச்சம். 100 ஹெர்ட்ஸுக்கோ கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர்! விரல் தடிமன் ஸ்பாஞ்சை ஒட்டிவிட்டு அடிக்குரல் முழக்கம் போகும் என்று காத்திருப்பது கொசுவலை போட்டு யானையைப் பிடிக்கிற வேலை.

சரி, பஞ்சுக்கு எங்கே போவது? அப்போதுதான் 1895-இல் ஹார்வர்டில் வேலை பார்த்த இளம் பேராசிரியர் வாலஸ் சபின் கதை கண்ணில் பட்டது. அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசினால் அது அடங்க ஏறக்குறைய 5.5 விநாடி ஆகுமாம். அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து வார்த்தை வந்து மேலே விழும். சபின் என்ன செய்தார்? பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து, ஒரு ஆர்கன் குழலை ஊதி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். கட்டட ஒலியியல் என்ற துறைக்கே அடித்தளம் அப்படித்தான் விழுந்தது.

எனக்கு அதில் இரவோடு இரவாகத் தூக்கி வந்தது வரை மிகவும் பிடித்திருந்தது.

பழைய குளியல் துண்டுகள் அருமையான ஒலியுறிஞ்சிகள். மரச்சட்டத்துக்குள் இருபது இருபத்தைந்து துண்டுகளை நெருக்கமாகத் தொங்கவிட்டு, மேலே துணி போர்த்தினால் ஒரு பலகை தயார். எங்கள் வீட்டு அலமாரியில் 'பழசு' என்று நான் தீர்மானித்த துண்டுகள் ஒவ்வொன்றாக இடம்பெயர ஆரம்பித்தன. தீர்மானித்தது நான் மட்டும் என்பது பின்னால் பிரச்சினையானது.

துண்டு இரண்டு பலகைக்குத்தான் வந்தது. மிச்ச நான்குக்கு ராக்வுல் வாங்கினேன். பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு அது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்று உறையிலேயே போட்டிருந்தது. முதல் இரண்டையும் அணிந்தேன். முழுக்கைச் சட்டை எதற்கு, புழுங்குகிறதே என்று விட்டுவிட்டேன். அன்று மாலை முழுக்க நான் சொறிந்த வேகத்தைக் கண்டு என் மகள், "அப்பா கிடார் வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். இருந்திருக்கும். தாளம்கூடத் தப்பவில்லை.

போர்த்தும் துணிக்கு ஒரே ஒரு தகுதிதான். வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். போகாவிட்டால் உயர் ஒலி உள்ளே நுழையாமல் துணியிலேயே பட்டுத் திரும்பிவிடும். துணிக்கடையில் நின்று ஒவ்வொரு துணிச்சுருளாக எடுத்து ஊதிப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்த சுருளை எடுத்துப் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

பலகையை எங்கே மாட்டுவது? நாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கவாட்டுச் சுவரில் வேறொருவர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் ஒலியும் பட்டு நம் காதுக்கு வருகிறது. அங்கேதான் பலகை. இந்த வேலைக்கு மனைவியை அழைத்தேன். "இன்னும் கொஞ்சம் முன்னாடி… கொஞ்சம்… நிறுத்து! தெரியுது!" என்று நான் கூவ, எதிர்வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறுநாள் அம்மாவிடம், "பையனுக்கு முடி வெட்டறாங்களா?" என்று விசாரித்தாராம்.

பலகைகளைச் சுவரிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தள்ளி மாட்டினேன். அந்த இடைவெளி செலவே இல்லாமல் கிடைக்கும் தடிமன் மாதிரி. ராக்வுல் பலகை இரண்டை மூலைகளில் குறுக்காக நிறுத்தினேன், தாழ்ந்த ஒலியெல்லாம் போய்ச் சேர்ந்து அரட்டை அடிக்கிற இடம் மூலைதான் என்பதால். அப்புறம் தட்டினேன். 'டப்'. அவ்வளவுதான். 'ட்ர்ரிங்' இல்லை. சந்தோஷத்தில் அரைமணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு அறையிலும் தட்டி ஒப்பிட்டேன். "கொசுவா?" என்றார் அம்மா. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒரு பிசாசு மட்டும் போகவில்லை. கிடாரில் ஜி கார்டு என்கிற சுரக்கூட்டைப் பிடித்தால் மட்டும் அறை 'ம்ம்ம்ம்' என்று கூடவே பாடியது. மற்ற கார்டுகளுக்கு வாயைத் திறக்காது. கிடார்க்காரன் என்ற முறையில் அவமானத்தில் பாட்டையே வேறு சுருதிக்கு மாற்றலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அளவு நாடாவை எடுத்தேன். அறையின் நீளம் 3.4 மீட்டர். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகும். அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்த நீளத்தில் அறை தானாகவே முழங்கும் முதல் சுரம் கிடைக்கும், சுமார் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100-க்கும் முழங்கும். ஜி கார்டில் ஆறாவது கம்பியில் விழும் சுரம் 98! அறைக்கு அது சொந்த ஊர்ப் பாட்டு, சேர்ந்து பாடாமல் என்ன செய்யும்?

இதைவிடக் கொடுமை, லட்சணமாக இருக்கட்டும் என்று நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டிருந்தேன். நடுவில் 50 ஹெர்ட்ஸ் செத்துப்போகும், 100 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும். அதாவது நான் பிசாசின் மடியிலேயே உட்கார்ந்து பிசாசைத் தேடியிருக்கிறேன். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில் உட்காரச் சொல்வார்கள். நாற்காலியை 40 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தேன். முழக்கம் முழுக்கப் போகவில்லை, மனிதத்தன்மைக்கு வந்தது. இத்தனை செலவில் அதிகப் பலன் தந்தது அந்த நாற்காலியை இழுத்ததுதான் என்பதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பாடும்போது வேறொரு தப்பு செய்துகொண்டிருந்தேன். தடிமனான போர்வையை மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். என் மைக் முன்பக்கம் வருவதைத்தான் நன்றாகக் கேட்கும், தன் முதுகுப்பக்கம் நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அது பார்த்துக்கொண்டிருப்பது என்னையும், என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையும். போர்வையை என் பின்னால் மாற்றினேன். குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் தயார். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிவு செய்தேன். வீட்டாரை வரிசையாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். பல்லவி அருமை. ஒவ்வொரு எழுத்தும் காதோரம் பேசுவது போலத் தெளிவு. மகள் கட்டைவிரலை உயர்த்தினாள். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அறைக்குள் ஒலியை அடக்குவது வேறு, வெளி ஒலியைத் தடுப்பது வேறு. தடுப்பதற்குக் கனமான சுவர் வேண்டும், கதவிடுக்கு கூட இல்லாமல் அடைக்க வேண்டும். பஞ்சும் துண்டும் அதற்கு ஆகாது. என் அறைக் கதவுக்குக் கீழே எலி நிமிர்ந்து நடந்து போகலாம்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நான் மூச்சு வாங்கும் அந்த அழகான மௌனத்தில், தூரத்திலிருந்து, நல்ல முழக்கத்தோடு வந்தது அம்மாவின் குரல்: "டேய்ய்ய்… என் பச்சைத் துண்டு எங்கடாாா?"

அறையில் எல்லாரும் இரண்டாவது துண்டுப் பலகையைப் பார்த்தார்கள். ஓரத்தில் பச்சையாக ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது.

மனைவி மட்டும் தலையை ஆட்டி, "இப்பதாங்க வித்தியாசம் நல்லாத் தெரியுது" என்றாள். "அத்தை பாடினாங்களே, அதுதான் குளியலறை."