புள்ளி விழாத விசை

நவம்பர் 6, 2024

காலையிலிருந்து புள்ளி விழவில்லை. 'மரம்' என்று அடித்தால் 'மரம' என்று நிற்கிறது. 'கிணறுகள்' என்பது 'கிணறுகள' ஆகிவிடுகிறது. மற்ற எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. நிலத்தடி நீரைப் பற்றிய ஒரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மாத இறுதிக்குள் பதிப்பாளர் கைக்குப் போக வேண்டும்.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவள். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. க, ப, ம, த, ந, ய என்று அடிக்கடி வருபவை நடுவரிசையில் விரலுக்குக் கீழேயே இருக்கும். புள்ளி மட்டும் இடக்கைப் பக்கம், ஆங்கில எஃப் விசையில். கண்ணால் பார்க்காமலே ஆட்காட்டி விரல் போய் நிற்க வேண்டிய இடம் என்பதால் அந்த விசையின் மேல் ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாகக் கிடைத்த அமைப்பு இது. புள்ளியை இவ்வளவு வாகான இடத்தில் வைத்தவர்கள் தமிழ்ச் சொற்கள் எப்படி முடிகின்றன என்பதைக் கூர்ந்து கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வாக்கியம் புள்ளி இல்லாமல் முடிந்தாலும், அதன் நடுவில் பத்துப் புள்ளிகள் இருக்கும்.

எஃப் போனதால் புள்ளியோடு வேறு சிலவும் போயின. கன்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்திச் சொல் தேடும் வசதி இல்லை. மடிக்கணினியின் கடவுச்சொல்லிலும் அந்த எழுத்து உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு விசைப்பலகை விரியும். அதில் சுட்டியால் சொடுக்கித்தான் இன்று வேலை ஓடியது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் மணிக்கட்டு வலித்துவிட்டது.

நவம்பர் 7

தங்கை மகன் தொலைபேசியில், "விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுங்கள் பெரியம்மா" என்றான். அன்போடுதான் சொன்னான். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மென்பொருளா, வன்பொருளா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் அது விழித்துக்கொள்ளும். பிறகு விரைவாகத் தட்டும் விசைகளைக் கணினி பொருட்படுத்தாது. பலருடைய விசைப்பலகை 'செத்துப்போவது' இதனால்தான். ஆனால் அது எல்லா விசைகளையும் சேர்த்துப் பாதிக்கும். எனக்கு ஒன்றே ஒன்று. அமைப்புகளில் போய்ப் பார்த்தேன், அணைந்துதான் இருந்தது.

அடுத்து, எதிர் வீட்டிலிருந்து ஒரு யுஎஸ்பி விசைப்பலகை வாங்கி வந்து செருகினேன். எஃப் அடித்தால் புள்ளி விழுந்தது. தமிழ் அடிக்க நான் பயன்படுத்தும் இ-கலப்பை மென்பொருளிலும் விண்டோஸிலும் குறை இல்லை என்பது இதிலேயே ஏறக்குறையத் தெளிந்தது. இருந்தாலும் உறுதி வேண்டும். உபுண்டு போட்டு வைத்திருந்த பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினேன். இது முற்றிலும் வேறு இயங்குதளம், விண்டோஸின் சாயலே கிடையாது. அங்கும் மடிக்கணினியின் எஃப் வரவில்லை. ஆகவே வன்பொருள்தான்.

வன்பொருள் என்றால் எங்கே? மடிக்கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி போவதில்லை. நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அந்தக் கோடுகளை ஓயாமல் வருடிக்கொண்டே இருந்து, எந்த நெடுக்கும் எந்தக் குறுக்கும் தொட்டுக்கொண்டன என்று பார்த்து விசையை அறிகிறது. ஒரு கோடு அறுந்தாலோ, பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்தாலோ, அந்தக் கோட்டைப் பகிரும் விசைகள் கூட்டமாகப் போகும். ஒரு விசை மட்டும் போனால் குறை அந்தச் சந்திப்பிலோ அதன் மேலோதான் இருக்கும். பலகை முழுவதும் வரிசையாக அடித்துப் பார்த்தேன். எஃப் ஒன்றுதான். அதுவும் அதன் கீழ்விளிம்பை அழுத்தமாக மிதித்தால் எப்போதாவது ஒரு புள்ளி விழுகிறது. அப்படியானால் கோடு அறவில்லை, தொடுதல்தான் சரியில்லை.

நவம்பர் 8

பழுது பார்க்கும்வரை வேலை நிற்கக் கூடாது.

தமிழ்99இல் ஒரு நல்ல விதி உண்டு. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வந்துவிடும். 'பக்கம்' என்பதில் நடுப்புள்ளியை நாம் அடிப்பதில்லை. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே. அதனால்தான் எஃப் போன பிறகும் 'பந்து', 'அம்மா', 'கிணற்றங்கரை' ஆகியவை ஒழுங்காக வந்தன. சொல்லின் கடைசியில் வரும் புள்ளிக்கு இதையே கொஞ்சம் வளைத்துப் பயன்படுத்தலாம்: 'மரம' அடித்து, மேலும் ஒரு 'ம' அடித்தால் 'மரம்ம' ஆகும், கடைசி எழுத்தை அழித்தால் 'மரம்' நிற்கும். ஓர் அவசரக் கடிதத்துக்கு இது போதும். நூலுக்குப் போதாது.

புள்ளி இல்லாத பத்தி ஒன்றைத் திரையில் வைத்துப் படித்துப் பார்த்தேன். கல், கல என்று நிற்கிறது. கண், கண என்று நிற்கிறது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். அந்த வரிகளைப் படித்துப் பொருள் பிரித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை இன்று ஒரு பத்தியிலேயே உணர்ந்தேன்.

நிலையான வழி, வேறொரு விசையை எஃப்பாக மாற்றிக்கொள்வது. எது? கேப்ஸ் லாக். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்றவற்றுக்கு ஷிஃப்ட் போதும். தமிழ் அடிப்பவருக்குக் கேப்ஸ் லாக் சும்மா கிடக்கும் இடம். அதோடு அது அகரத்துக்குப் பக்கத்தில், இடக்கைச் சிறுவிரலுக்கு எட்டுகிறது.

பவர்டாய்ஸ் என்னும் இலவச நிரலாலும் விசையை மாற்றலாம். ஆனால் அது பயனர் உள்ளே நுழைந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். கடவுச்சொல் கேட்கும் திரையில் உதவாது. எனக்கு அங்கும் எஃப் வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பதிவகத்தில் 'ஸ்கேன்கோட் மேப்' என்று ஓர் உள்ளீடு எழுதினால், கடவுச்சொல் திரை வருவதற்கு முன்பே மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். ஸ்கேன்கோட் என்பது விசையைக் கணினி அடையாளம் காணும் எண்: கேப்ஸ் லாக்குக்கு 3ஏ, எஃப்புக்கு 21. கையால் எழுத அஞ்சுபவர்களுக்கு ஷார்ப்கீஸ் என்ற சிறு நிரல் அதையே எழுதித் தரும். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மாலைக்குள் சிறுவிரல் பழகத் தொடங்கிவிட்டது. வேகம் குறைவுதான், ஆனால் ஐந்தாம் இயல் நகர்கிறது.

நவம்பர் 10

இன்று விசையைக் கழற்றினேன். முதலில் கணினியை அணைத்து, மின்னிணைப்பை எடுத்து, பலகையைச் சாய்த்துப் பிடித்து, காற்றுக் குப்பியால் விசையைச் சுற்றி ஊதியதில் பயன் இல்லை. பிறகு பழைய ஏடிஎம் அட்டையின் மூலையை மூடியின் அடியில் கொடுத்து மெல்ல நெம்பினேன். உலோகக் கருவி வேண்டாம். எந்தப் பக்கம் கொக்கி, எந்தப் பக்கம் நழுவும் காடி என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். அதைத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். இடைவெளி விசைக்கும் என்டர் விசைக்கும் அடியில் உலோகக் கம்பி இருக்கும். கற்றுக்கொள்ளும் கை அவற்றை விட்டுவிடுவது நல்லது.

மூடிக்குக் கீழே மடக்கு நாற்காலியின் கால்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள். விசையை எந்த மூலையில் அழுத்தினாலும் அது சாயாமல் நேராக இறங்குவது இவற்றால்தான். நடுவில் ரப்பர்க் குமிழ். அழுத்தும்போது குழிந்து, விட்டதும் விசையை மேலே தள்ளுவது அது. குமிழ் கிழியவில்லை. சட்டங்களின் காதுகள் ஒடியவில்லை. மூலையில் கொஞ்சம் நுண்மணலும் ஒரு முடியும் இருந்தன.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துடைத்தேன். கைகழுவும் சானிட்டைசரைப் பயன்படுத்தக் கூடாது. அதில் கிளிசரின் சேர்ப்பதுண்டு, அது காயாமல் பிசுபிசுப்பாக நிற்கும். நன்றாக உலர்ந்த பிறகு மூடியை மாட்டினேன். புள்ளி விழுந்தது! ஒரு முழுப் பக்கம் எஃப்பிலேயே அடித்தேன்.

நவம்பர் 12

மழை விடாமல் பெய்கிறது. எஃப் மறுபடி ஊமையாகிவிட்டது.

இப்போது காரணம் புரிகிறது. நான் துடைத்தது குமிழைச் சுற்றிய வெளிப்புறத்தை. உண்மையான தொடுதல் அதற்குக் கீழே, மெம்பரேன் எனப்படும் மூன்று பிளாஸ்டிக் தாள்களுக்குள் நடக்கிறது. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நடுத்தாள் அவற்றை விலக்கி வைக்கிறது; விசை இருக்கும் இடங்களில் மட்டும் அதில் துளைகள். குமிழ் அழுத்தும்போது மேல் தாள் துளை வழியாக இறங்கிக் கீழ்த் தாளைத் தொடுகிறது. அந்த இடத்தில் ஈரம் புகுந்து கோடு கறுத்துப்போனால் வெளியே எவ்வளவு துடைத்தாலும் எட்டாது. நாங்கள் இருப்பது திருவல்லிக்கேணி, கடற்கரைக்குப் பக்கம். இங்கே உப்புக்காற்று சன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது.

நவம்பர் 14

சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மழை விட்டிருந்தாலும் சேறு.

முதல் கடையில் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேல் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், 4,500 ரூபாய்" என்றார்கள். ஒரு விசைக்கு! புதிய மாதிரிகள் பலவற்றில் விசைப்பலகையை மேல் மூடியோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள், எனவே அவற்றில் இந்தப் பதில் நியாயமாகவும் இருக்கலாம். என்னுடையது பழைய மாதிரி. அடியில் விசைப்பலகைப் படம் பொறித்த திருகுகள் இருக்கின்றன. அவற்றைக் கழற்றினால் பலகை தனியாக வரும்.

சந்து ஒன்றின் உள்ளே, மேசையும் விளக்கும் மட்டும் வைத்திருந்த ஓர் இளைஞர் கணினியைப் புரட்டிப் பார்த்ததும் அதைச் சொல்லிவிட்டார். "மெம்பரேன் போயிருக்கிறது அம்மா. உள்ளே பிரித்து ஒட்டினாலும் நிற்காது. கீபோர்டு மட்டும் மாற்றினால் போதும்."

பலகையைக் கழற்றி, பின்புறத்து ஒட்டுத்தாளில் இருந்த பாக எண்ணைக் காட்டினார். மடிக்கணினியின் மாதிரிப் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது, இந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்றார். ஒரே மாதிரிப் பெயரில் என்டர் விசை கிடையாக இருக்கும் பலகையும் உண்டு, நின்றவாக்கில் இருப்பதும் உண்டு. பின்னொளி உள்ளதற்கு இன்னொரு ரிப்பன் கூடுதலாக இருக்கும். ரிப்பன் வெளியே வரும் இடம் ஓர் அங்குலம் தள்ளியிருந்தாலும் செருக முடியாது.

"நீங்களே மாட்டிக்கொள்வீர்கள் அம்மா" என்று கழற்றும் முறையை ஒருமுறை செய்து காட்டினார். கற்றுக்கொடுத்ததற்குத் தனியே பணம் வாங்க மறுத்துவிட்டார். பலகை 1,400 ரூபாய்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் முளையை உருக்கி ஒட்டியிருக்கும் பொருளுக்கு உரிமை இருந்தும் என்ன செய்வது? திருகு இருந்தால்தான் அந்த உரிமைக்குக் கை முளைக்கும்.

நவம்பர் 15

மாட்டிவிட்டேன். மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும், ரிப்பனின் சிறு தாழ்ப்பாளை நகத்தால் தூக்க வேண்டும், ரிப்பன் கோணாமல் உள்ளே போக வேண்டும். கவனமெல்லாம் இந்தத் தாழ்ப்பாளில்தான். ஒடிந்தால் தாய்ப்பலகையோடு வம்பு. ஸ்கேன்கோட் உள்ளீட்டை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். எஃப்பை மெல்லத் தொட்டாலே புள்ளி விழுகிறது. சிறுவிரல்தான் இன்னும் கேப்ஸ் லாக்கைத் தேடிப் போகிறது.

நவம்பர் 17

பழைய பலகையைத் தங்கை மகன் வந்து பிரித்தான். பின்புறத்து முளைகளைக் கத்தியால் சீவினால்தான் தகடு பிரிந்தது. தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எஃப்பின் வட்டத்தில் வெள்ளிக்கோடு கறுத்திருந்தது. நடுத்தாளில் துளைக்குத் துளை காற்று போய்வர மெல்லிய வழிகள் வெட்டியிருக்கிறார்கள். கறை அப்படி ஒரு வழியாகத்தான் வந்திருக்கிறது. மின்தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டரை வைத்தான். மற்ற சந்திப்புகளில் அழுத்தியதும் முள் உறுதியாக நின்றது, எஃப்பில் தள்ளாடியது. "விண்டோஸை அழித்திருந்தால் வீண் வேலை பெரியம்மா" என்று அவனே சொன்னான்.

மூடிகளையும் சட்டங்களையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டான். அவன் விடுதியில் இதே மாதிரி வைத்திருக்கும் ஒருவனுக்கு எண்டர் விசையின் மூடி இல்லையாம்.

கேப்ஸ் லாக்கில் அடித்த பக்கங்களில் புள்ளி விடுபட்ட இடங்கள் இருக்கின்றன. 'கல', 'கண', 'பல' போன்றவை தாமே சொற்களாக இருப்பதால் பிழைதிருத்தி பிடிக்காது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கிறேன். கன்ட்ரோலும் எஃப்பும் இப்போது வேலை செய்கின்றன. ஐந்தாம் இயல் செவ்வாய்க்கிழமை பதிப்பாளருக்குப் போகிறது.