எலக்ட்ரானிக் டிஸ்பென்சரில் வெடிமருந்து நிறுத்துப் பார்த்த அனுபவம்

.308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாக்களை வீட்டில் மறுபடி நிரப்பும்போது எனக்கு அதிக நேரம் பிடித்தது வெடிமருந்து நிறுக்கும் வேலைதான். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்வது, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவது எல்லாம் கை பழகினால் ஓடிவிடும். ஆனால் நான் பயன்படுத்தும் வார்கெட் என்ற வகை மருந்து குட்டைக் குச்சிகளாக இருக்கும். கன அளவை வைத்து அளந்து கொட்டும் கைக்கருவியில் அது சீராக விழாது. உருளையின் விளிம்பில் சில குச்சிகள் சிக்கி வெட்டுப்படும், எடை முன்பின் ஆகும். உருண்டை மருந்துக்கு அந்தக் கருவியே தாராளம். வார்கெட்டை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நிறுத்தாக வேண்டும். அதற்காகத்தான் தானே நிறுத்துக் கொட்டும் டிஸ்பென்சர் ஒன்றை நடுத்தர விலையில் வாங்கினேன்.

வேண்டிய எடையைத் தட்டினால் மருந்து நிரப்பி வைக்கும் ஹாப்பருக்குக் கீழுள்ள குழாய் சுழன்று மருந்தைத் தட்டில் கொட்டும். இலக்கை நெருங்கும்போது வேகம் குறைந்து, கடைசிக் குச்சிகள் ஒன்றிரண்டாக விழும். எடை பார்ப்பது லோட் செல். பாரம் ஏறினால் ஓர் உலோகத் துண்டு மிக நுண்ணியதாக வளையும். அதன்மேல் ஒட்டிய கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாகத் தெரிகிறது. இங்கே எடை கிரெய்ன் கணக்கில். 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் சுமார் 64.8 மில்லிகிராம். இந்த வகைக் கருவிகளுக்குச் சொல்லப்படும் துல்லியம் 0.1 கிரெய்ன் கூட அல்லது குறைய. வார்கெட் குச்சி ஒன்று ஏறக்குறைய 0.02 கிரெய்ன் என்பதால், ஐந்து குச்சி இப்படியோ அப்படியோ போகலாம்.

இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் பொருளைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் இருப்பது அரிசோனாவின் ஃபீனிக்ஸில். கோடையில் கராஜ் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே மருந்து டப்பாவையும் வைக்கக் கூடாது, தராசையும் வைக்கக் கூடாது. அதனால் மேசையை உள்ளறைக்கு மாற்றினேன். அங்கே ஏசி காற்று. காற்று தட்டின்மேல் பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது. நிறுக்கும் நேரத்தில் ஏசி திறப்பை மூடிவிட்டு, கருவியை அரைமணி நேரம் முன்பே போட்டுச் சூடேற விட்டால் எண் அமைதியாகிவிடுகிறது. கைப்பேசியின் அலைகளும் எண்ணை ஆட்டலாம் என்பதால் அது வேறு அறையில். வறண்ட காற்றில் நிலைமின்சாரமும் சேரும். குச்சிகள் பிளாஸ்டிக் புனலில் ஒட்டிக்கொள்ளும். துணி உலர்த்தியில் போடும் தாளால் புனலைத் துடைத்தேன், ஒட்டுவது நின்றது.

அளவு சரிபார்ப்பதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. கருவியோடு வந்த எடைக்கல் 50 கிராம், அதாவது 770 கிரெய்னுக்கு மேல். நான் நிறுப்பதோ 3 கிராமுக்கும் குறைவு. 50 கிராமில் சரியாகக் காட்டுவதால் 3 கிராமிலும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் கிரெய்ன் கணக்கில் சின்ன எடைக்கற்கள் தனியாக வாங்கி, நான் நிரப்பும் எடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அப்புறம், தட்டைத் தூக்கினால் திரையில் ஒரு மைனஸ் எண் வருமே, அது தட்டின் எடை. ஒவ்வொரு முறையும் அதே எண் வர வேண்டும். மாறினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மறுபடி பூஜ்யமாக்குவேன். இது செலவே இல்லாத சோதனை, எல்லோரும் செய்ய வேண்டியது.

அளவு தாண்டி விழுவதும் உண்டு. சுழலும் குழாயின் வாயில் குச்சிகள் கும்பலாகச் சேர்ந்து ஒரேயடியாகச் சரிந்தால் 0.2, 0.3 கிரெய்ன் கூடிவிடும். இங்கே பலர் செய்வது, குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவை ஒரு சிறு துண்டு வெட்டிக் குழாயின் வாயில் செருகுவது. வழி குறுகி, குச்சிகள் வரிசையாக வருகின்றன. செய்து பார்த்ததில் நல்ல வித்தியாசம். கூடிப்போன மருந்தை நான் கூட்டில் போடுவதில்லை, ஹாப்பருக்கே திருப்பிவிடுகிறேன்.

உண்மையான லாபம் வேலை ஓட்டத்தில். ஒரு தட்டு நிரம்புவதற்குள் முந்தைய கூட்டில் மருந்து கொட்டி, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, குண்டைப் பொருத்திவிடலாம். மருந்து போட்ட கூடுகள் திறந்த வாயோடு வரிசையில் காத்திருப்பதில்லை. ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டுவிடும் அபாயமும் வெகுவாகக் குறைகிறது.

எத்தனை கிரெய்ன் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது மருந்து நிறுவனத்தின் கையேட்டில் உங்கள் குண்டுக்கு உரிய பக்கத்தில் இருக்கிறது. அதன் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் ஹாப்பரை முழுக்கக் காலி செய்து அதே டப்பாவில் ஊற்றுகிறேன். இரண்டு மருந்து கலந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். அதோடு மருந்தை நாள்கணக்கில் விட்டால் சில பிளாஸ்டிக் கெடும். அமெரிக்காவில் சொந்தப் பயனுக்கு நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பனைக்கு நிரப்பினால்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், ஊரில் இருப்பவர்கள் இதை முயல வேண்டாம்.

இங்கே ஃபீனிக்ஸில் உள்ள பென் ஏவரி சுடுதளத்தில், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்த்தேன். முன்பு பீம் தராசில் பொறுமையாக நிறுத்தபோது வேகத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்ததோ, ஏறக்குறைய அதேதான் இப்போதும். .308-ல் 0.1 கிரெய்ன் கூடினால் குண்டின் வேகம் விநாடிக்கு ஐந்து அடி அளவில்தான் மாறும். 100 கஜத்தில் அது இலக்கில் தெரியாது. காந்த விசையால் சமன்செய்து, ஒரு குச்சி விழுந்தாலும் காட்டும் ஆய்வகத் தராசுகளைத் தொலைதூரப் போட்டியாளர்கள் வைத்திருக்கிறார்கள். என் தூரத்துக்கு அது இப்போது தேவையில்லை. மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அடுத்து கூடுகளைச் சூடாக்கிக் கழுத்தைப் பதப்படுத்திவிட்டு, இதே எடையில் மறுபடி சுட்டுப் பார்க்கப் போகிறேன்.