கிஜாங் குட்டி ஒருவழியாகப் படத்தில் விழுந்தது

விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவில், மூன்று வாரமாகத் தாய்க் கிஜாங் (குரைக்கும் சின்ன மான்) மட்டும்தான். நேற்று காலை 6.50-க்கு, 15 விநாடி வீடியோவின் 11-ஆவது விநாடியில் குட்டி வந்தது. முதுகில் இன்னும் புள்ளி இருக்கிறது. மலேசியாவில் தாப்பா பக்கம், கொல்லைக்குப் பின்னால் செம்பனையும் அதற்கு அப்பால் காடும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு உதவலாம்.

கேமராவைக் குறை சொல்லி லாபமில்லை. ஒரு மீட்டர் உயரம் ரூசா என்ற பெரிய மானுக்குச் சரி. கிஜாங் குட்டி அதற்குக் கீழேயே நுழைந்து போய்விடும். இப்போது தரையிலிருந்து 40 செண்டிமீட்டர், தடத்திலிருந்து 3 மீட்டர். விலங்கு கேமராவை நோக்கி நடந்து வந்தால் சென்சார் மந்தம். குறுக்கே கடந்தால்தான் சட்டென்று பிடிக்கும். செம்பனையில் கட்டாதீர்கள், வெட்டிய மட்டையின் அடி துருத்திக்கொண்டு கேமராவைக் கோணலாக்கும். பால்மரம் (ரப்பர்) கிடைக்காவிட்டால் இரும்புக் கம்பி நடலாம்.

உயரத்தைவிடப் பெரிய வில்லன் இடைவெளி நேரம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 1 நிமிடம் என்று விட்டிருந்தால், முன்னே போகும் தாயை எடுத்துவிட்டுக் கேமரா தூங்கும். பின்தங்கி வரும் குட்டி அந்த நேரத்தில்தான் கடக்கும். 5 விநாடியாகக் குறைத்து, படத்துக்குப் பதில் வீடியோ வைத்ததும்தான் விடிந்தது. மெமரி கார்டு சீக்கிரம் நிரம்பும். காற்றில் ஆடும் லாலாங் புல்லை வெட்டிவிட்டால் வெற்று வீடியோ பாதி குறையும். நண்பகலில் எதுவும் சிக்கவில்லையே என்று கவலை வேண்டாம். தரைச் சூடும் உடம்புச் சூடும் ஒன்றாகிவிட்டால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது.

பேட்டரி தனிப் புலம்பல். சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட்தான், எட்டு போட்டாலும் 9.6. பகலில் ஓடும், இரவு விளக்கு எரியும்போது படுத்துவிடும். ஆன்லைனில் மலிவாக வந்ததில் கொள்ளளவு 2,800 mAh என்று அச்சடித்திருக்கிறான், அளந்து பார்த்தால் பாதிகூட இல்லை. லித்தியம் விலை கடிக்கிறது, ஆனால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.

மானை இழுக்க உப்புக்கல் வேண்டாம். மான் வரும் நேரம் பழகிவிட்டால் கண்ணி வைப்பவனுக்கும் வசதி. தானாக விழும் செம்படாக் (பலா மாதிரிப் பழம்) போதும். குட்டி புதரில் தனியாகப் படுத்திருந்தால் அநாதை என்று தூக்கிவிடாதீர்கள். தாய்தான் ஒளித்துவிட்டு மேயப் போயிருக்கும்.

அடுத்து சருகுமானுக்கு 20 செண்டிமீட்டரில் இன்னொரு கேமரா. மழைச்சேறு லென்ஸில் தெறிக்குமே, அடியில் காய்ந்த மட்டை விரிக்க வேண்டும். அதற்குள் கிஜாங் இரவுப் படத்தின் வெளிச்சம் சரியாக வேண்டும்: கேமரா விளக்கின் மேல் மருந்துக்கடைப் பேப்பர் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினாலும் முகம் வெளுக்கிறது, மூன்று ஒட்டினால் குட்டியே தெரியவில்லை.