எட்டு மாதம் சில்வரில் கிடந்த எங்கள் டீம் பிளாட்டினம் போன கதை

வாலரன்ட், ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு. ஒரு பக்கம் ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைக்கப் பார்க்கும், மறுபக்கம் தடுக்கும், பாதியில் பக்கம் மாறும். அன்று அசென்ட் என்ற மேப். முதல் பாதி தற்காப்பு, 9-3 என்று முன்னால் இருந்தோம். பக்கம் மாறும்போது தம்பி மைக்கில் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டான். அடுத்த 12 ரவுண்டில் 10 தோற்று, 11-13 என்று மேட்ச் கைவிட்டுப் போனது. அது ஒரு நாள் கூத்து என்றால் விட்டிருப்போம். வாலரன்டில் அப்போது கிட்டத்தட்ட எட்டு மாதமாக சில்வர் மூன்று, அடுத்த படியான கோல்டு ஒன்று என்ற ரேங்க்குகளுக்கு நடுவே (கோல்டுக்கு மேலேதான் பிளாட்டினம்) ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தோம், தோற்ற மேட்ச் எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரிதான் தோற்றது. அதற்கப்புறம் நாங்கள் என்னென்ன மாற்றினோம், எது பலித்தது, எதற்கு அதிக நாள் பிடித்தது என்பதை எழுதி வைக்கத் தோன்றியது. நண்பர்களோடு ஐந்து பேராகச் சேர்ந்து ஆடிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

டீமைச் சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூர், சோவா ஆடுகிறேன் (சோவா, ஜெட் எல்லாம் விளையாட்டின் பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை). தம்பி ஜெட். அவனோடு கல்லூரியில் படிக்கிறவன் கே-ஓ. என் ஆபீஸ் நண்பன், திருச்சிக்காரன், ஓமன். மதுரையில் இருக்கிற சித்தி பெண் கில்ஜாய். ரேங்க்டு மேட்ச்சில் நான்கு பேராகப் போக முடியாது, மூன்று பேர் வரை போகலாம், இல்லையென்றால் ஐந்து பேரும் இருக்க வேண்டும். அதனால் ஒருத்தர் வரவில்லை என்றாலும் இன்னொருத்தர் வெளியே உட்கார வேண்டும். வாரத்தில் மூன்று ராத்திரி, ஒன்பதரை மணி என்று முதலில் முடிவு செய்ததே அதற்காகத்தான். வீட்டில் சாப்பாட்டு நேரம், மறுநாள் பரீட்சை, ஆபீஸ் ஷிப்ட் எல்லாவற்றையும் அந்த மூன்று ராத்திரிக்கு ஏற்ப நகர்த்தினோம்.

அந்த 11-13 மேட்ச்சை நான் ஓபிஎஸ் என்ற மென்பொருளில் ரெக்கார்டு செய்து வைத்திருந்தேன். சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஐந்து பேரும் அதைத்தான் பார்த்தோம். நோட்டில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மூன்று விஷயம் மட்டும் குறித்தேன்: முதலில் செத்தது யார், அப்போது பக்கத்தில் இருந்தது யார், ஐந்து பேர் கையிலும் என்ன துப்பாக்கி. தோற்ற 10 ரவுண்டில் ஏழு ரவுண்டு, எங்கள் ஆள் ஒருத்தர் தனியாகப் போய்ச் செத்து, அதற்குப் பதிலாக எதிரி ஒருத்தரும் சாகாமல் ஆரம்பித்திருக்கிறது. நான்கு ரவுண்டில் இரண்டு பேர் கையில் வேண்டல் என்ற பெரிய துப்பாக்கி, மற்ற மூன்று பேர் கையில் பிஸ்டல். ஸ்பைக் வைத்த பிறகும் தோற்ற ரவுண்டு மூன்று. யாருடைய குறியும் இதில் பெரிய குற்றவாளி இல்லை. இதைப் பார்த்தவுடன் எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் குறி வளர மாதக்கணக்கில் ஆகும், இதையெல்லாம் அடுத்த வாரமே மாற்றிவிடலாம்.

முதலில் காசு, அதாவது ரவுண்டுக்கு ரவுண்டு துப்பாக்கி வாங்க விளையாட்டு தருவது. இதில் குழம்புகிறவர்கள் அதிகம், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். பிஸ்டல் ரவுண்டில், அதாவது பாதியின் முதல் ரவுண்டில், ஆளுக்கு 800. அதை முழுக்கச் செலவழித்துத் தோற்றால் அடுத்த ரவுண்டுக்கு 1900 வரும், தொடர்ந்து தோற்றால் 2400, அப்புறம் 2900. இரண்டாவது ரவுண்டில் பொறுக்காமல் 1600 கொடுத்து ஸ்பெக்டர் வாங்கி மறுபடி தோற்றீர்கள் என்று வையுங்கள். மிச்சம் 300, வருவது 2400, மொத்தம் 2700. வேண்டல் விலை 2900. துப்பாக்கிக்கே 200 குறைகிறது, ஷீல்டுக்கு எங்கே போவது? இரண்டாவது ரவுண்டில் ஒன்றும் வாங்காமல் இருந்திருந்தால் மூன்றாவது ரவுண்டில் 4300 கையில் நிற்கும். வேண்டல் 2900, பெரிய ஷீல்டு 1000, போக 400-க்கு ஸ்மோக்கோ (பார்வையை மறைக்கும் புகை) பிளாஷோ (கண்ணைக் கூசவைக்கும் ஒளி) வாங்கலாம். எதிரியைக் கொன்றால் ஒவ்வொன்றுக்கும் 200 கூட வரும், அது போனஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, தாக்கும் பக்கம் இருக்கும்போது ஸ்பைக் வைக்காமல் உயிரோடு ஒளிந்து ரவுண்டைத் தோற்றால் 1000தான் கிடைக்கும், அதனால் துப்பாக்கியைக் காப்பாற்றுவது எல்லா நேரமும் லாபம் கிடையாது.

கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேரும் ஒரே ரவுண்டில் அதைப் பின்பற்றுவதுதான் கஷ்டம். தம்பிக்குப் போன ரவுண்டில் மூன்று கில் கிடைத்திருக்கும், காசு இருக்கும், வாங்கிவிடுவான். அதனால் ஒரு விதி வைத்தோம்: வாங்கும் நேரத்தில் ஒரே ஒரு குரல். 'வாங்கு', 'சேமி' இரண்டில் ஒன்று. காசு அதிகம் இருக்கிறவன் இல்லாதவனுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும், தனக்கு ஆப்பரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை 4700-க்கு வாங்குவதற்கு முன்னால் மற்ற நான்கு பேர் கையையும் பார்க்க வேண்டும். இரண்டே வாரத்தில் பிடிபட்டது இதுதான், உடனே பலனும் தெரிந்தது.

அடுத்தது ட்ரேட், அதாவது நம் ஆள் செத்தால் அவனைக் கொன்றவனை உடனே கொல்வது. ஜெட் முதலில் உள்ளே போவான், அது அவன் வேலை. ஆனால் அவன் பின்னால் போக வேண்டிய கே-ஓ அசென்டில் ஏ மெயின் (ஸ்பைக் வைக்கும் சைட் ஏ, பி என்று இரண்டு, மெயின் அதற்குப் போகும் பாதை) சுவருக்குப் பின்னாலேயே நின்றுவிடுவான், தம்பி செத்ததும் 'எங்கடா இருந்தான்' என்று கேட்பான், அதற்குள் எதிரி இடம் மாறியிருப்பான். இதற்கு நாங்கள் கஸ்டம் கேம் திறந்து, ஒவ்வொரு ராத்திரியும் மேட்ச்சுக்கு முன்னால் 20 நிமிடம் ஒரே நடையை மட்டும் பழகினோம். ஓமன் ஹெவன், ட்ரீ என்ற இரண்டு இடத்துக்கும் ஸ்மோக் போடுவான், கே-ஓ பிளாஷ் எறிவான், ஜெட் டேஷ் (வேகப் பாய்ச்சல்) அடிப்பான், கே-ஓ அவன் முதுகைப் பார்த்தபடியே ஓட வேண்டும், மூன்றாவதாக நான். ஜெட் விழுந்தால் எந்தப் பக்கமிருந்து குண்டு வந்தது என்பது இரண்டாவது ஆள் கண்ணில் பட்டே ஆக வேண்டும், அவ்வளவு நெருக்கம். ஆனால் ஒரே தோட்டாவரிசையில் இரண்டு பேரும் விழுகிற அளவுக்கு நெருக்கம் கூடாது. இந்த இடைவெளியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, உடம்பு பழக வேண்டும். எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. ஓமன் ஸ்மோக் 15 விநாடிதான் நிற்கும், போட்டவுடன் கிளம்பவில்லை என்றால் பாதி வீண், இதுவும் அந்த ஒரு மாதத்தில்தான் உறைத்தது.

பேச்சுக்கு வருகிறேன். ரெக்கார்டில் எங்கள் குரலையே கேட்டபோது ஒன்று கவனித்தோம். 'அங்கடா, அங்க!', 'இங்க வந்துட்டான்', 'அந்தப் பக்கம்'. தமிழில் பேசும்போது இது தானாக வாயில் வருகிறது, எதிரில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கையைக் காட்டிச் சொன்னால் புரியும், மைக்கில் அதற்கு அர்த்தமே இல்லை. அங்க, இங்க, அந்த, இந்த நான்கையும் தடை செய்தோம். இடத்தின் பெயர், எத்தனை பேர், எவ்வளவு அடித்திருக்கிறோம், இவ்வளவுதான். 'பி மெயின் ஒருத்தன், 84.' செத்தவன் இதை ஒரு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒருத்தர் மட்டும் உயிரோடு இருந்தால் மற்ற நான்கு பேரும் முழு மௌனம், ஏனென்றால் அவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். செத்த பிறகு பேசாமல் இருப்பது எனக்குத்தான் ரொம்பக் கடினமாக இருந்தது.

இப்போது முக்கியமானதைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் முடிவெடுத்துச் சொன்னது (கால் பண்ணுவது என்போம்) நான், வயதில் மூத்தவன் என்பதால் இயல்பாக அப்படி ஆகிவிட்டது. சித்தி பெண் பெரும்பாலும் பேசவே மாட்டாள். அவள் தனியாக ஆடிய காலத்தில், பெண் குரல் கேட்டவுடன் முன்பின் தெரியாத டீம்மேட்கள் பேசிய பேச்சில் மைக்கையே அணைத்து வைத்துப் பழகிவிட்டிருந்தாள், எங்களோடு ஆடும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. இது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது, ரெக்கார்டு பார்த்த அன்றைக்குத்தான் சொன்னாள், கேட்டு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாள்: "அண்ணா, நீங்க கால் பண்றப்போ பாதி நேரம் செத்துப்போயிருக்கீங்க. நான் கடைசி வரைக்கும் இருக்கேன், டரட்டும் அலாரம்பாட்டும் எந்தப் பக்கம் சத்தம் போடுதுன்னு எனக்குத்தான் தெரியும். நான் கால் பண்ணட்டுமா?"

சரியான பேச்சு. கில்ஜாய் பின்னால் நிற்கிறவள், எதிரி வந்தால் காட்டிக்கொடுக்கும் டரட், அலாரம்பாட் என்ற கருவிகளை வைக்கிறவள், மெதுவாகச் சாகிறவள், மேப்பின் மறுபாதியில் நடப்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். அதிகம் கொல்கிறவனோ மூத்தவனோ சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அன்றிலிருந்து வாங்குவதும் சேமிப்பதும், எந்த சைட் போவது என்பதும் அவள் வாயிலிருந்துதான் வரும். தம்பி இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாவது நாள் அவள் பி-க்குப் போகும் வழியான மார்க்கெட்டில் காலடியே கேட்கவில்லை, மூன்று பேர் ஏ-யில் இருப்பார்கள் என்று கணித்து எங்களை பி-க்குத் திருப்பி, காலி சைட்டில் ஸ்பைக் வைத்த பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது.

அவள் கொண்டுவந்த பெரிய மாற்றம் நேரம். ஒரு ரவுண்டுக்கு 100 விநாடி. நாங்கள் ஒன்று முதல் 20 விநாடியில் பாய்வோம், இல்லை கடைசி 20 விநாடியில் பதறுவோம். அவள் முதல் 40 விநாடிக்கு யாரும் எந்த சைட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்றாள். ஏ மெயினில் ஒருத்தர், பி மெயினில் ஒருத்தர், மேப்பின் நடுப்பகுதியான மிட்டில் மூன்று பேர். அசென்டில் மிட் கையில் இருந்தால் கேட்வாக் வழியாக ஏ-க்கும் மார்க்கெட் வழியாக பி-க்கும் போகலாம், தற்காக்கிறவர்கள் இரண்டு பக்கமும் ஆள் பிரித்தே தீர வேண்டும். எதிரி இருக்கும் இடத்தைக் காட்டும் சோவாவின் ரீகான் அம்பை நான் அதுவரை சும்மா ரவுண்டு ஆரம்பத்திலேயே விட்டுவிடுவேன். அதை மிட் பிடித்த பிறகு விடச் சொன்னாள், ஒரே அம்பு, ஆனால் அப்போது வருகிற தகவலை வைத்து முடிவெடுக்க முடிந்தது.

ஸ்பைக் வைத்த பிறகு நடப்பது தனிப் பாடம். வைக்க 4 விநாடி, வெடிக்க 45 விநாடி, எதிரி அதைச் செயலிழக்கச் செய்து எடுக்க 7 விநாடி. பாதியில், அதாவது 3.5 விநாடியில் கைவிட்டால் அந்தப் பாதி சேமிப்பில் இருக்கும், அடுத்த முறை மிச்சம் 3.5 போதும். ஆக, யாரும் தொடாத ஸ்பைக்கை 38 விநாடிக்கு மேல் ஆரம்பித்து எடுக்கவே முடியாது. நாங்கள் வைத்தவுடன் கில் தேடிக் கிளம்புவோம், ஒவ்வொருத்தராக மூலையில் செத்துக் கிடப்போம். எதிரிதான் ஸ்பைக்குக்கு வந்தாக வேண்டும், நாம் காத்திருந்தால் போதும் என்பதை எழுதி என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியே வைத்தேன். இரண்டு பேர் இரண்டு கோணத்தில், எதிரி நம்மில் ஒருத்தனைப் பார்த்துத் திரும்பினால் மற்றவன் சுட வேண்டும். எடுக்கும் சத்தம் கேட்டவுடன் பாயக் கூடாது, பாதிப் பேர் தொட்டுவிட்டு விடுவார்கள், நாம் எட்டிப் பார்ப்பதற்காகவே.

குறியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறிப்புள்ளி) எப்போதும் தலை உயரத்தில், சுடுவதற்கு முன் நின்றுவிட வேண்டும், ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கேயோ போகும். வேண்டல் எவ்வளவு தூரத்திலும் தலையில் 160 அடிக்கும், முழு ஷீல்டோடு உயிர் 150 இருக்கிறவன் ஒரே குண்டில் விழுவான், ஃபேண்டம் என்ற துப்பாக்கியில் தூரம் கூடினால் அடி குறையும். தினமும் ஒரு டெத்மேட்ச் (டீம் இல்லாமல் தனித்தனியாகச் சுடும் ஆட்டம்). அவ்வளவே. இணையத்துக்கு வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போட்டேன், மும்பை சர்வருக்கு பிங் (தகவல் போய்வரும் நேரம்) அதிகம் குறையவில்லை, ஆனால் எகிறிக் குதிப்பது நின்றது.

பிளாட்டினத்துக்கு ஏறிய மேட்ச்சும் அசென்ட்தான். 12-11, தாக்குதல் பக்கம், பி-யில் ஸ்பைக் வைத்துவிட்டோம், ஆனால் எங்களில் நான்கு பேர் விழுந்துவிட்டோம். அவள் மட்டும் பி மெயினில், எதிரில் இரண்டு பேர். ஸ்பைக் மேல் நானோஸ்வார்ம் என்ற எறிகுண்டு இரண்டை ஒளித்து வைத்திருந்தாள். மைக்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எடுக்கும் சத்தம் கேட்டது, அவள் எட்டிப் பார்க்கவில்லை, முதல் ஸ்வார்மை வெடித்தாள், சத்தம் நின்றது. பீப் வேகமாகிக்கொண்டே போனது. மறுபடி தொட்டார்கள், இரண்டாவதை வெடித்தாள். அதில் ஒருத்தன் செத்தே போனான். மிச்சமிருந்தவன் தொட்டபோது நேரம் இல்லை. 13-11. தம்பி கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

எங்களில் மூன்று பேருக்கு அன்று பிளாட்டினம் வந்தது, மற்ற இரண்டு பேருக்கு அடுத்த வாரம். இப்போது சிக்கல் ஹேவன் என்ற மேப். மூன்று சைட், ஐந்து பேர், இந்த ரேங்க்கில் எதிரிகள் சி-யில் சத்தம் காட்டிவிட்டு பி வழியாக ஏ-க்கு வருகிறார்கள், நாங்கள் எல்லாரும் சி-க்கு ஓடிக்கொண்டிருக்கிறோம். சைட்டை விட்டுக்கொடுத்து மூன்று பேர் சேரும்வரை காத்திருந்து திருப்பிப் பிடிப்பதைப் பழகிக்கொண்டிருக்கிறோம், நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன், இதுவரை பதினோரு ரவுண்டு குறித்திருக்கிறேன், நான்குதான் ஜெயித்தது.